வேலிக்குள் நின்ற குடு மான்

அந்தத் தலையை மாடிக்குக் கொண்டுவரவே நாலு பேர் வேண்டியிருந்தது. கரோல் பாக்கில் நாங்கள் இருந்த வீட்டுப் படிக்கட்டு அவ்வளவு குறுகல். முறுக்கிக்கொண்டு மேலே போன இரண்டு கொம்புகளும் திருப்பத்துக்குத் திருப்பம் சுவரைக் கீறின. "தீரே பையா, தீரே" என்று, மெதுவாகத் தூக்கச் சொல்லி, அத்தான் இந்தியில் கீழிருந்து கத்திக்கொண்டே ஏறினார். தென்னாப்பிரிக்காவில் அவர் சுட்ட குடு என்னும் பெரிய மானின் தலை அது. பதப்படுத்தி, சுங்கத்தில் பல மாதம் கிடந்து, ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. முன்னறைச் சுவரில் மாட்டியபின் மின்விசிறியை வேகமாக வைக்க முடியவில்லை. ஆடிப்போய்க் கொம்பில் இடித்துவிடுமோ என்று பயம்.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையிலிருந்து டெல்லிக்கு ஆசிரியை வேலைக்கு வந்த நான், அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அத்தான் வண்டி உதிரிபாகங்களை ஏற்றுமதி செய்தார். ஓர் இடத்தில் உட்கார மாட்டார். சாப்பிடும்போதுகூட எழுந்துபோய் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே துப்பாக்கி சுடுதளத்துக்குப் போய்க் குறி வரைந்த அட்டையைச் சுட்டுவிட்டு வருவார். இங்கே வேட்டைக்குத் தடை. ஜோஹானஸ்பர்க்கில் அவரிடம் சரக்கு வாங்குபவர், வியாபாரம் பேசப் போனவரை ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போய் அந்த ஆசையைத் தீர்த்துவைத்திருந்தார்.

தலை வந்த ஞாயிறன்று அத்தான் வீடியோ கேசட்டைப் போட்டுக் காட்டினார். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த பஞ்சாபி வீட்டுக்காரர் கீழ்த்தளத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். படத்தில் ஜீப் ஒரு வேலியின் கேட்டருகே நிற்கும், ஓர் ஆள் இறங்கித் திறப்பான், ஜீப் உள்ளே போனதும் மறுபடி பூட்டுவான். கொஞ்ச தூரத்தில் முள்மரத்தடியில் மான் நிற்கும். அத்தான் நிதானமாக இறங்கி, துப்பாக்கியை ஒரு கவட்டைக் கோலில் சாய்த்துச் சுடுவார். எல்லாரும் கைதட்டினோம். பணி முடிந்து அப்போதுதான் வந்திருந்த அக்கா, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அது ஏன் ஓடல?" என்றாள்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அத்தான் காற்று, வெளிச்சம் என்று ஏதோ சொன்னார். பாஷை புரியாத வீட்டுக்காரர் சும்மா சிரித்துவைத்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அன்றிலிருந்து அவர் தனியாக அந்தக் கேசட்டைப் போட ஆரம்பித்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். அவர் கேட் வரும் இடத்துக்கு ஓட்டி நிறுத்துவார், பின்னுக்கு ஓட்டுவார், எழுந்து நடப்பார், மறுபடி உட்காருவார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கூண்டிலிருக்கும் கோழியை நாம் வாங்குவதில்லையா, அது மட்டும் ஓடவா செய்கிறது என்று ஒருநாள் சாப்பாட்டின் நடுவே, யாரும் கேட்காமலே ஆரம்பித்தார்.

"கோழிய வாங்கியாந்து யாரும் அதோட தலைய மாட்டி வைக்கதில்லையே" என்று அக்கா ரசம் ஊற்றினாள்.

கடைசியில் ஜோஹானஸ்பர்க்குக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டார். அந்த மானைப் பண்ணைக்காரர்கள் ஏலத்தில் எடுத்து, லாரியில் கொண்டுவந்து, அத்தான் போவதற்குச் சற்று முன்னால்தான் அந்த வேலிக்குள் விட்டிருக்கிறார்கள். சரக்கு வாங்கும் அந்த ஆளுக்கு இதில் என்ன குறை என்றே விளங்கவில்லையாம். சட்டப்படிதான் நடந்தது, நேரமில்லாதவர்கள் வேறெப்படி வேட்டையாட முடியும், காசு கொடுக்க ஆள் இருப்பதால்தான் அங்கே மான் வளர்க்கிறார்கள், இல்லையென்றால் அந்த நிலத்தில் மாடு மேயும் என்றாராம். அவர் சொன்னது தப்பு என்றும் அத்தானுக்குத் தோன்றவில்லை, சரி என்று விடவும் முடியவில்லை. பல வாரம் அந்தப் பேச்சையே எங்களிடம் இரண்டு பக்கமும் நின்று பேசினார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த ஜூனில், வேலியே இல்லாத காட்டுக்கு, நடந்தே குடுவைத் தேடுவதற்கென்று கிளம்பினார். இந்தத் தடவை ஜிம்பாப்வே.

இங்கே வெயில் கொளுத்தியது. கரண்ட் போய்ப் போய் வந்தது. அவர் போன இடத்தில் போன் கிடையாது. பள்ளிக்கு விடுமுறை, எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. காலையில் அஜ்மல்கான் ரோடு வரை போவேன், எதுவும் வாங்காமல் திரும்புவேன். அக்கா சுத்தமாக இருக்கும் அலமாரியையே மறுபடி காலி செய்து துடைப்பாள். ஊர்ப்பக்கம் வந்து கூப்பிடுகிறாரோ என்று, போன் மணி அடித்தால் இரண்டு பேரும் ஓடுவோம், அது கீழ்த்தளப் போனில் வீட்டுக்காரரின் மருமகளுக்கு வந்த அழைப்பாக இருக்கும்.

"கெடச்சா இன்னொரு தல வரும். கெடைக்கலன்னா இந்த மனுசன் தூங்க மாட்டாரு. நான் எதுக்குன்னு வேண்டிக்க?" என்றாள் அக்கா.

அவர் வெறுங்கையோடு வந்தார். முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, குதிகால் இரண்டிலும் கொப்புளம். அக்கா அவர் கால்களை மடியில் வைத்து மருந்து போட, அவர் நடந்ததைச் சொன்னார். தினமும் விடியுமுன் கிளம்பிக் குளம்புத் தடத்தைப் பிடித்துப் போவார்களாம். தடம் பாறையில் ஏறி மறைந்துவிடும். கடைசி நாளன்று சாம்பல் நிறப் புதருக்குள் ஒரு காது அசைந்தது. அதன் பிறகுதான் மான் முழுதும் கண்ணுக்குத் தெரிந்தது. இவர் துப்பாக்கியை எடுப்பதற்குள் குரைப்பது போல ஒரு சத்தம், புதர் காலி.

ஏமாற்றமாக இருந்ததா என்று கேட்டேன்.

"அது என்னையப் பாத்துட்டுது பிள்ள. பாத்துட்டுப் போயிட்டுது. போகதுக்கு அதுக்கு எடம் இருந்துச்சு" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நிம்மதி என்று அதைச் சொல்ல மாட்டேன்.

சுவரில் இருந்த தலையை வீட்டுக்காரர் ஆசையாகக் கேட்டார், அத்தான் கொடுத்துவிட்டார். ஆப்பிரிக்கக் காட்டில் துரத்திப் பிடித்த மிருகம் என்று அவர் விருந்தாளிகளிடம் அளப்பது மாடிவரை கேட்கும். அத்தான் திருத்தப் போகவில்லை. கேசட்டையும் பிறகு நான் பார்க்கவில்லை. ஆனால் குளிர்காலம் முடியுமுன்பே அத்தான் ஆப்பிரிக்கா வரைபடத்தைத் தரையில் விரித்துவிட்டார்.

"இந்தத் தடவ நானும் வாரேன்" என்றாள் அக்கா. கொல்வதை அவளால் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும், அப்புறம் எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். இங்கே இருந்துகொண்டு அலமாரி துடைக்க முடியாது, கூட நடந்துவிடுவது மேல் என்றாள். ஆஸ்பத்திரியில் லீவு சொல்லி, கணுக்கால் மூடும் கனமான ஷூ ஒன்று வாங்கி, அதைப் பழக்குவதற்காகத் தினமும் மொட்டைமாடியில் நடந்தாள்.

விமான நிலையத்தில் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்கள். பேச்சு மும்முரம். நான் பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போக மனமில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் இறங்காமல், பஸ் போகும் கடைசி இடம் வரைக்கும் போனேன்.