சிதம்பரம் கிளையிலிருந்து வந்த போன்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, அதனால்தான் கெட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன். கடலூரில் எங்கள் வங்கியின் தலைமை அலுவலகத்தில் எனக்கு முன்னால் சேர்ந்தவர்கள் ஏழு பேர் இருந்தும், இயக்குநர் குழுவின் மினிட்ஸ் நோட்டு எழுதும் வேலை என்னிடம்தான் வந்தது. எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அந்த ஒரு நோட்டு மட்டும் கையால் எழுதப்பட்டது. தலைவருக்கு அதுதான் பிடிக்கும். "உன் எழுத்தப் பாத்தாலே ஒரு மரியாத வருதும்மா" என்பார். அரிசி ஆலை வைத்திருந்தவர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய அம்மா. எனக்கும் உச்சி குளிர்ந்து போகும்.

எங்களுடையது சின்ன வங்கி. கடலூரில் தலைமை அலுவலகம், சிதம்பரத்தில் ஒரு கிளை, பண்ருட்டியும் சேர்த்து இன்னும் நாலு ஊரில் நாலு கிளை. பெரிய வங்கிகளின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தயங்கி நிற்கிற ஆட்கள் எங்களிடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். கழற்ற வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

மினிட்ஸ் நோட்டில் எங்களுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. கூட்டம் முடிந்து காபி வருவதற்குள் இயக்குநர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தீர்மானங்களுக்கும் அந்தக் கையெழுத்துகளுக்கும் நடுவில் நான் எட்டுப் பத்து வரி வெள்ளையாக விட வேண்டும். பிற்பாடு தலைவர் யாருக்காவது கடன் கொடுக்க நினைத்தால், செயலர் வந்து விவரம் சொல்வார், நான் அந்த வெள்ளையில் எழுதுவேன். கூட்டத்திலேயே பேசி முடிவெடுத்த மாதிரி ஆகிவிடும். ஆபீசில் அதற்குப் பாயச இடம் என்று பெயர். சாப்பாட்டு இலையில் கடைசியாக வருவதற்கு ஓரமாக இடம் விடுவோம் இல்லையா, அந்த மாதிரி. சொல்லிச் சிரிப்போம். ஓர் இயக்குநரின் மச்சானுக்கு, இன்னொருவரின் சம்பந்திக்கு என்று அந்த இடத்தில் என்னென்னவோ வந்து விழுந்தது. அடமானம் வைத்த சொத்து பெறுமா, வாங்குகிற ஆள் திருப்பிக் கட்டுவாரா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வரி கோணாமல் எழுதினேன்.

கேட்டவர் ஒருத்தர் இருந்தார். சிதம்பரம் கிளையின் மேனேஜர். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர், அந்த ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்து உத்தியோகத்துக்கு வந்தவர். எதற்கெடுத்தாலும் தலைமை அலுவலகத்துக்குப் போன் போடுவார். சிதம்பரத்திலிருந்து மணி அடித்தால், "சாருக்குச் சந்தேகம் வந்துடுச்சு, எடும்மா" என்று மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சந்தேகம் தீர்ந்ததும் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பகல் பதினொரு மணி இருக்கும். போனை எடுத்தால் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்.

"ஏம்மா, அண்ணாகிராமத்துல முந்திரி கம்பெனி வச்சிருக்கறவருக்கு சிதம்பரத்துல எதுக்கும்மா லோன்? பண்ருட்டி கிளை அவருக்குப் பக்கத்துலயே கெடக்குது. ஆளு வெளியில உக்காந்திருக்காரு. தலைவருக்குப் போன் போட்டா, குடுத்துடுய்யா, மீட்டிங்ல பாஸ் ஆனதுதான்னு சொல்றாரு. மினிட்ஸ்ல ஏறிடுச்சா?"

காலையிலேயே தலைவர் என்னிடம் சொல்லியிருந்தார், முந்திரிக்காரர் விஷயத்தைச் செயலர் வந்து சொல்வார், எழுதிவிடு என்று. துணைத் தலைவரின் மச்சான் அந்த முந்திரிக்காரர். நோட்டு என் மேசைமேல் திறந்து கிடந்தது. வெள்ளை இடம் வெள்ளையாகவே இருந்தது. எப்படியும் சாயங்காலத்துக்குள் எழுதத்தானே போகிறோம், இதில் என்ன பெரிய பொய் என்று நினைத்தேன். இல்லை, அதுகூட நினைக்கவில்லை. எனக்கு வேறு வேலை கிடந்தது, சீக்கிரம் போனை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏறிடுச்சு சார்" என்றேன்.

"நீதான் எழுதுனியா?"

"நான்தான் சார் எழுதுனேன்."

"அப்ப சரிம்மா. நீ சொன்னா சரி."

அன்று மதியமே கடனைக் கொடுத்துவிட்டார். செயலர் அன்று வரவில்லை. உறவுக்காரர் கல்யாணம் என்று சேத்தியாத்தோப்புக்குப் போனவர் நாலு நாள் கழித்துத்தான் வந்தார். வந்த பிறகுதான் நான் அந்த வரிகளை எழுதினேன், அனுமதிக் கடிதமும் நான் எழுதிய அன்றைய தேதி போட்டுத்தான் போனது. காகிதத்தைப் பார்க்கிறவர்களுக்கு, சிதம்பரம் மேனேஜர் அனுமதி வருவதற்கு முன்பே தன்னிஷ்டத்துக்குக் கடன் கொடுத்த மாதிரிதான் தெரியும். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

வங்கிகளைக் கண்காணிக்கிற மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு இரண்டு பேர் வந்தார்கள். வழக்கமாக வருகிறவர்கள் இரண்டு நாளில் டிபன் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இவர்கள் மூன்று வாரம் இருந்தார்கள், டிபனைத் தொடவில்லை. அவர்களில் ஓர் அம்மாள், வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும், மினிட்ஸ் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அண்ணாகிராமத்துக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முந்திரி கம்பெனி என்பது ஒரு போர்டும் ஒரு தகரக் கொட்டகையுமாம். உள்ளே ஆடு கட்டியிருந்ததாம்.

என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி வரிகள் மட்டும் ஏன் நெருக்கி எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். கூட்டம் முடிந்த பிறகு செயலர் சொல்ல நான் எழுதியது என்று சொன்னேன். அதை எப்படி மறைக்க முடியும், என் கையெழுத்தே சாட்சி. அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்தார்.

"சிதம்பரம் மேனேஜர், தலைமை அலுவலகத்துல யாரையும் கேக்கல, என் பொறுப்புல நானே குடுத்தேன்னு எழுதிக் குடுத்திருக்கார். அப்படியா? உங்ககிட்ட போன்ல எதுவும் கேக்கலையா?"

ஏன் அப்படி எழுதிக் கொடுத்தார் என்று எனக்கு உடனே புரிந்தது. என் வீட்டுக்காரருக்கு வேலை போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுக் கேட்டு அவர் தெரிந்து வைத்திருந்தார்.

"ஞாபகம் இல்லீங்க மேடம்."

அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷத்தில் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை, நிம்மதி. பச்சையான நிம்மதி. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன்.

சில மாதத்தில் உத்தரவு வந்தது. பாதுகாப்பற்ற நிர்வாகம், முறையற்ற கடன் வழங்கல் என்று காரணம் போட்டிருந்தார்கள். புதுக் கடன் கொடுக்கக் கூடாது, டெபாசிட் வாங்கக் கூடாது, ஓர் ஆள் பணம் எடுப்பதற்கு ஒரு வரம்பு, இயக்குநர் குழு கலைப்பு, வெளியிலிருந்து ஒரு நிர்வாகி. எங்கள் கதவில் ஒட்டுவதற்கு முன்பே வாட்ஸப்பில் மஞ்சக்குப்பம் முழுக்கச் சுற்றிவிட்டது. ஒன்பது மணிக்கே வரிசை தெருமுனை தாண்டி நின்றது. சிதம்பரத்தில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வேலை பார்த்தார்களாம். தலைவருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டார். துணைத் தலைவருக்கு முதுகு. செயலருக்கு எதுவுமே நினைவில் இல்லை. வழக்கு என்று ஒன்று நடக்கிறது, வாய்தாவுக்கு வெள்ளை வேட்டி கலையாமல் வந்து போகிறார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் ஒரு இன்கிரிமென்ட் வெட்டும். வேலை போனது சிதம்பரம் மேனேஜருக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு எனக்குப் பகல் பதினொரு மணி ஆகாது. நிர்வாகி வந்ததும் அந்தப் பழைய போனை எடுத்துவிட்டார்கள். மேசையில் அது இருந்த இடத்தில் நாலு ரப்பர் காலின் தடம் மட்டும் இருந்தது. அதன்மேல் பைல்களை அடுக்கி வைத்தேன். ஆனாலும் மணி அடிக்கும். பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஒருநாள் கேட்டே விட்டேன், போன் அடிக்கிறதே எடுக்கக் கூடாதா என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அடிக்கிறது. கெடிலம் பாலத்தில் பஸ் போகும்போது அடிக்கிறது. அவரும் வருவார். மீன் கடையில் எனக்கு முன்னால் நிற்பவரின் பிடரி அவருடையதாக இருக்கும், திரும்பினால் வேறு யாரோ. மாதாகோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிற வரிசையில்கூடப் பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் வேதமே இல்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு மாதம் தவறாமல் போனேன். கோபப்பட்டது, புறம் பேசியது, மருமகளை மனதில் திட்டியது எல்லாம் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. சாமியார் தேவ மன்னிப்புச் சொன்ன பிறகு, சொல்லாததற்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருகிற திருட்டுத்தனம் வேறு.

நிஜமாகவே ஒருமுறை வந்தார். வேலை போய் ஒரு வருடம் இருக்கும். வரம்புக்கு உட்பட்ட தன் பணத்தை எடுக்க, கடலூரிலேயே மற்றவர்களோடு வரிசையில் நின்றார். அன்று டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. இளைத்திருந்தார். வரிசையில் சிலருக்கு அவரைத் தெரியும், ஒருவன் காதுபடவே ஏதோ சொன்னான். அவர் காதில் விழாத மாதிரி நின்றார். என் முன்னால் வந்ததும், "நல்லாருக்கியாம்மா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். நான் ஸ்டாம்ப் பேடைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மேசைமேலேதான் இருந்தது அது. நிமிர்ந்தபோது டோக்கனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டிருந்தார்.

போன மார்கழியில், பழைய ஊழியர்களின் வாட்ஸப் குழுவில் அவருடைய படம் வந்தது, மாலையோடு. கும்பிடுகிற பொம்மைகளை வரிசையாகப் போட்டுவிட்டுத் துணைத் தலைவர்கூட ஆழ்ந்த இரங்கல் என்று போட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை அரிசி மூட்டைமேல் எறிந்தேன். பிறகு எடுத்து நானும் ஒரு பொம்மை போட்டேன்.

மூன்றாம் நாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். சொல்லத்தான் போனேன் என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் துக்கம் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். கீழ வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வீடு. துக்க வீட்டில் வாங்க என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கூடத்தில் மகன், மொட்டைத் தலையோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும்.

"கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலம்மா" என்றார் அந்த அம்மா. "எங்ககிட்டயும் அதேதான். யாரையும் கேக்கல, நானாத்தான் குடுத்தேன். கமிஷன் வாங்கிட்டாருன்னு தெருவே பேசுச்சு. இவன் மாமனார் வீட்டுக் காசு பூரா அந்த பேங்க்லதான் மாட்டிக்கிச்சு. ஏன்பா யாரையும் கேக்காம குடுத்தன்னு கேட்டு, அவரு பதில் சொல்லாததுனால இவன் பேச்சையே நிறுத்திட்டான். எனக்கே சில நாளு சந்தேகமா இருக்கும். வாங்கியிருப்பாரோன்னு."

அவர் கை என் கைக்குள் சூடாக இருந்தது. அப்போது என் வாய் தானாகத் திறந்தது.

"கேட்டாரும்மா. என்கிட்டதான் கேட்டாரு. போன் பண்ணி, மினிட்ஸ்ல இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னு சொன்னேன். அப்ப நான் எழுதவே இல்ல. என்னக் காப்பாத்தத்தான் அப்படி எழுதிக் குடுத்தாரு. கமிஷன் எல்லாம் ஒண்ணுமில்ல."

அந்த அம்மா திட்டவில்லை. கையை மட்டும் மெதுவாக உருவிக்கொண்டார். மகன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"விசாரணையில உங்களக் கேட்டாங்கதான ஆன்ட்டி?"

"கேட்டாங்கப்பா. பயந்துட்டேன்."

அந்த அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "இவங்கள பஸ் ஸ்டாண்ட்ல விட்டுட்டு வா" என்றார். துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. செருப்பைப் போட்டுக்கொண்டு அப்படியே இறங்கினேன்.

அவன் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். நான் இறங்கிய பிறகும் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"மூணு வருஷம் ஆன்ட்டி. ஒரே வீட்ல. சாப்புட வரச் சொல்றதுன்னாகூட அம்மாவ விட்டுத்தான் சொல்லுவேன்" என்றான். "ஆஸ்பத்திரியில கடைசி நாளு என்னையே பாத்துட்டுப் படுத்திருந்தாரு. நான் வெளியில போய் நின்னுட்டேன். இப்ப வந்து சொல்றீங்க. நான் யார்கிட்ட போய்ப் பேசுறது?"

கடலூர் பஸ் வந்தது. சீட் காலியாகத்தான் இருந்தது. நான் நின்றுகொண்டே வந்தேன்.