குமிழ்கள் நின்ற இடம்

பழைய இசைக்கருவி வாங்குவதில் நான் பெரிய கொம்பன் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு. கடியப்பட்டணத்தில் ஒரு வீட்டில் பழைய அனலாக் பேஸ் சிந்தசைசர், அதாவது கீழ்ச்சுருதி ஓசைக்கென்றே உள்ள கீபோர்டு மாதிரியான கருவி, விலைக்கு இருக்கிறது என்று தெரிந்ததும், நண்பனின் காரை வாங்கிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்த்தபோது வாங்கி வந்தது. கோயில் திருநாள் கச்சேரிகளில் அதைத்தான் வாசிப்பாராம். அவர் மாரடைப்பில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி வீட்டை ஒழித்துவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார்.

மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு, "பாத்துட்டு இருங்க தம்பி, சாயா போட்டுட்டு வாறேன்" என்று அவர் உள்ளே போனார்.

நான் சும்மா இருந்தேனா? பழைய கருவி என்றால் முதல் வேலை, குமிழ் ஒவ்வொன்றையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருகிப் பார்ப்பது. உள்ளே தூசி ஏறியிருந்தால் கரகரக்கும். ஒன்று விடாமல் திருகினேன். ஒன்றிரண்டுதான் கரகரத்தன. எனக்கு ஒரே குஷி.

சாயாவோடு வந்தவர் கையில் போனும் இருந்தது.

"கொண்டு போறதுக்கு முன்ன ஒருக்கா வாசிங்க, போன்ல பிடிச்சு வச்சுக்கிடுதேன். கச்சேரி வீடியோவுல எல்லாம் பாட்டுதான் கேக்கு, இது கேக்கல்ல. கடைசித் திருநாளுக்கு அவரு வச்ச மாதிரியே கிடக்கு. நான் தூசிகூடத் தட்டல்ல."

அந்தக் கருவி குமிழ்களின் அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளாது. குமிழ்கள் நிற்கும் நிலைதான் ஓசை, கலைத்தால் போயிற்று. விற்பதற்காக அவர் எனக்கு அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குமிழ்கள் வெறும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன.

உண்மையைச் சொல்லவில்லை. குத்துமதிப்பாகத் திருகிவிட்டு வாசித்தேன்.

"இது இல்ல" என்றார்.

மறுபடி திருகினேன்.

"இதும் இல்ல தம்பி. அவருக்க சத்தம் நெஞ்சுக்குள்ள வந்து இடிக்கும்."

நாலாவது தடவை எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, நான் எல்லாத்தையும் திருப்பிட்டேன். தெரியாம செய்துட்டேன்."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஓடிக்கொண்டிருந்த போன் பதிவை நிறுத்திவிட்டு, கருவியின் மேல் துணியை இழுத்து மூடினார்.

"எனக்கு வேண்டாம்க்கா. இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

"என்னத்துக்கு? இவ்வளவு நாளும் அவரு இதுல இருக்காருன்னுதான் வச்சிருந்தேன். இனி கொண்டு போங்க."