இரண்டு குட்டி பேட்டரியும் என் மகள் கல்யாணமும்

“உக்குவளை ஜுனைதீன் நானா மௌத்தாகிட்டாராம் மாமி” என்று மருமகன் போனில் சொன்னபோது சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். “முருகா, நானாவ அவரோட ஆண்டவன்கிட்ட பத்திரமா சேத்துடு” என்றேன்.

அவரிடம் காரைக் கரண்ட் வேலைக்கு விட்ட எல்லோருக்கும் அவர் கைராசி தெரியும். எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளுக்கு ஒன்பது மணிக்கு மாத்தளைக் கோயிலில் முகூர்த்தம். தோட்டத்து மேட்டில் தம்பியின் சின்னக் கார் பேட்டரி செத்து நின்றது. கடைகள் பூட்டு. சொல்லி அனுப்பினோம், நானா ஒரு பையைத் தொங்கவிட்டு மேடேறி வந்தார்.

“பேட்டரி எங்க நானா?”

“இந்தா, பைக்குள்ள.”

கரண்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்கும் பெட்டி இருக்கிறதே, அதிலிருந்து கழற்றிய இரண்டு குட்டி பேட்டரிகள். டியூப் ரப்பரால் சேர்த்துக் கட்டியிருந்தார். வழக்கமான பேட்டரியில் பாதிக் கனம்தான்.

“இது த்ரீவீலுக்கே பத்தாதே!”

“காரக் கிளப்ப ஒரு தும்மல் போதும் தங்கச்சி. மிச்சத்த இஞ்சின் பாத்துக்கும். ஆனா ரெண்டு தரம்தான் தும்மும். வழியில நிப்பாட்டப்படாது.”

நான் அதற்கும் பொட்டு வைத்தேன். கார் கிளம்பியது! குலவை போட்டேன்! நானாவும் எங்களோடு ஏறிக்கொண்டார்.

அது சண்டைக் காலம். மாத்தளை நுழைவில் ஆமி செக்பொயின்ட். இஞ்சினை நிறுத்தச் சொல்லி பொனட்டைத் திறந்தார்கள். கட்டிய கறுப்புப் பெட்டி, சிவப்பு வயர். பார்த்ததும் குண்டென்று நினைத்து ஆமிக்காரர் பின்னால் குதித்தார். துவக்குகள் நிமிர்ந்தன. அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம்.

நானா சிங்களத்தில் சொன்னார்: “கல்யாணப் பொண்ணு சேர். பேட்டரியோட கார் போகட்டும். என் ஐடென்டி கார்டையும் என்னையும் வச்சுக்குங்க.”

அவர்கள் சம்மதித்தார்கள். அறுபது தாண்டிய மனிதர் வெயிலில் இறங்கி நின்றார். மிச்சமிருந்தது ஒரே தும்மல். “முருகா!” என்றேன். தம்பி சாவியைத் திருப்பினான். பிடித்துக்கொண்டது!

தாலி ஏறியது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது: ஐயோ, நானா!

சோற்றோடு செக்பொயின்டுக்கு ஓடினேன். நானா மணல்மூட்டையில் உட்கார்ந்து இரண்டு ஆமிக்காரருக்குத் தரையில் பேட்டரி படம் கீறிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரே தும்மல்ல எடுத்துச்சா தங்கச்சி?”

“எடுத்துச்சு நானா. ஆனா உங்கள மறந்துட்டேனே!”

“பொண்ணோட தாய்க்கு இன்னைக்கு ஞாபகம் இருந்தாத்தான் அதிசயம். சோத்தத் தாங்க, பசிக்குது.”

அன்றிலிருந்து வீட்டில் எந்த விசேஷத்துக்கும் பந்தி போடுமுன் சத்தமாகக் கேட்டுவிடுவேன்: “நமக்காக வெளிய யாராவது நிக்கிறாங்களா?” பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான்.