திருத்தணி மலையில் கறுப்பு வெள்ளைப் பலகை

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போக எந்த வண்டி நல்லது, எங்கே தங்குவது என்று இந்த ஆனிக்குள் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். போர் முடிந்து வரும் முதல் கிருத்திகை, கூட்டம் நெரியப்போகிறது. நான் 1943 ஆடியில் போனேன். சாமி கும்பிடப் போகவில்லை, ஆபீஸ் அனுப்பியது. ஏன் அனுப்பியது என்பதை அப்போது எழுதியிருந்தால் சிறைக்குப் போயிருப்பேன். இப்போது தடை எதுவும் இல்லை. வழியையும் சொல்கிறேன், அதையும் சொல்கிறேன்.

சட்டம் படித்தவன் நான். கல்லூரியில் சர்வதேசச் சட்டத்தில் முதல் மாணவன். அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வேலை காலியானபோது அது வேறொருவருடைய மருமகனுக்குப் போயிற்று. கோர்ட்டில் எனக்குக் கட்சிக்காரர்கள் வரவில்லை. போர் வந்ததும், சென்னையில் ராணுவத் திட்டங்கள் போடும் ஒரு ஆபீசில் தற்காலிக உத்தியோகம் கிடைத்தது. என் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரக் கேப்டன், இருபத்தாறு வயது. நான் கருத்துரை எழுதுவேன். அவர் தம் கையெழுத்தைப் போட்டு மேலே அனுப்புவார்.

அரக்கோணத்தில் விமானத்தளம் வந்ததும், எதிரி விமானம் வருகிறதா என்று பார்க்கச் சுற்று வட்டாரத்தில் உயரமான இடங்கள் தேடினார்கள். திருத்தணி மலைக்கோயிலுக்கு, குண்டு விழாமலிருக்க, ஓர் அடையாளப் பலகை வைக்கலாமா என்று கேப்டன் என்னைக் கேட்டார். ஹேக் நகரில் நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கையின்படி கோயில், ஆஸ்பத்திரி போன்றவற்றைக் குண்டு வீச்சிலிருந்து கூடிய மட்டும் விட்டுவைக்க வேண்டும். அடையாளம், குறுக்கே இரண்டு முக்கோணமாகப் பிரித்த நீள்சதுரப் பலகை; மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை. இது கடற்படைக் குண்டு வீச்சுக்காக எழுதியது. ஆகாயத்துக்கென்று தனியாக எதையும் நாடுகள் ஒப்புக்கொண்டு தொலைக்காததால் இருந்ததை எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை: அந்த இடத்தை ராணுவக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ‘வைக்கலாம், மலையில் ராணுவத்தார் இல்லாவிட்டால்’ என்று எழுதினேன். திட்டத்தில் ஏறியது ‘வைக்கலாம்’ மட்டுமே. விமானம் பார்க்கும் காவலர்களும் மலைக்குப் போனார்கள், பலகைக்கும் உத்தரவு போயிற்று. பலகை சரியாக இருக்கிறதா என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். கிருத்திகைக்கு அப்போது மூன்று நாள் இருந்தது.

சென்ட்ரலில் காலை வண்டி ஏறினால் திருவாலங்காட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். மூன்றாம் வகுப்பில் சிப்பாய்கள் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றே போனேன். திருவாலங்காட்டில் இறங்க எனக்கு உத்தரவு இல்லை. ஆனால் என் தங்கை விசாலம் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். தன் பெண்குழந்தை காய்ச்சலில் பிழைத்ததற்காகக் கிருத்திகையன்று புஷ்பக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தடுக்க வேண்டும், காரணமும் சொல்லக் கூடாது.

கூட்டம் அதிகம், குழந்தைக்கு ஆகாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அவள் பூத்தொடுக்கும் நாரைக் கீழே வைக்காமலே பேசினாள்.

“கொழந்த காய்ச்சல்ல கெடந்தப்ப நீ வந்து பாத்தியா? முருகன் பாத்துக்கினான். இப்ப போவாதேன்னு சொல்றதுக்கு மட்டும் ரயில் ஏறி வந்துகீற.”

சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டேன். மத்தியான வண்டியில் அரக்கோணம் போனேன்.

அரக்கோணத்திலிருந்து திருத்தணி எட்டு மைல். ரேணிகுண்டா பக்கம் போகும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்; பிளாட்பாரத்தில் டீ கிடைக்கும், குடிக்காமலிருப்பது நல்லது. மலைக் காவலர்களுக்குப் பாட்டரி கொண்டுபோகும் லாரி ஒன்று ஸ்டேஷன் வாசலில் நின்றது. ஓட்டியவர் அரக்கோணத்து மெக்கானிக் கரீம் பாய். ஏற்றிக்கொண்டார். என்ன வேலையாகப் போகிறேன் என்று துளைத்துத் துளைத்துக் கேட்டார். பலகை விஷயத்தை மட்டும் சொன்னேன்.

“வக்கீல் சார், ஜப்பான்காரன் ஏரோப்ளேன்ல குந்திகினு உங்க சட்டப் பொஸ்தகத்தத் தொறந்து பாப்பானா?”

அவன் பார்க்காவிட்டாலும் நாம் பார்க்க வேண்டும் என்றேன்.

“ஆங். நாம பாத்துட்டு சாவலாம்” என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினார்.

திருத்தணியில் ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா உண்டு, நாலணா. திருவிழா நாளில் எட்டணா கேட்பான், ஆறணாவுக்கு வருவான். சரவணப் பொய்கையில் கால் கழுவிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஏறுங்கள். மலை பெரிதல்ல, ஆனாலும் எனக்கு அன்று மூச்சு முட்டியது. படியெல்லாம் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் படிகளில்தானே விசாலம் குழந்தையோடு நிற்பாள் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தோன்றியது. தெளிந்த ஆகாயத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மேலே பலகை இருந்தது. கோயில் மடைப்பள்ளித் தளத்தின் மேல், சொன்ன அளவில், சொன்ன முக்கோணத்தில். நிறம் மட்டும் காவியும் வெள்ளையும். கோயில் மதிலுக்கு அடிப்பது மாதிரியே அழகாக அடித்திருந்தார்கள். தர்மகர்த்தா முனிரத்தின நாயுடு பெருமையோடு கூட வந்து காட்டினார். உத்தரவில் கறுப்பு என்றல்லவா இருந்தது என்று கேட்டேன்.

“கிருத்திக அதுவுமா கோயில் தலமேல கறுப்படிக்கச் சொல்றீங்களே நைனா, நாயமா? காவி அடிச்சா சாமிக்குத் தெரியாதா?”

“சாமிக்குத் தெரியுங்க. மேல பறந்து வர்றவனுக்கு?”

அவர் சிரித்துக்கொண்டே வடக்கு மண்டபத்துக்கு அழைத்துப்போனார். அங்கே காவலர்கள் நால்வர், தூரதர்சினிக் கண்ணாடி, டெலிபோன். பலகையின் நிழலே அவர்கள்மேல் விழும்போலிருந்தது. மண்டபத்தைத் திறந்துவிட்டதே நாயுடுதான். இரண்டு வேளையும் பிரசாதம்.

“சோல்ஜருங்க மேலயே கீறாங்க. இனிமே கோயிலுக்கு என்னா பயம்?”

அந்த ஊர் முழுக்க அப்படித்தான் நம்பியது. சிப்பாய் வாசலில் நின்றால் வீட்டுக்குக் காவல் என்பதுபோல. போர்ச் சட்டம் நேர் தலைகீழ். இந்த நால்வர் இங்கே இருக்கும்வரை கோயிலுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, எதிரி குண்டு போட்டால் சட்டப்படி அவன் பக்கமே நியாயம் பேசலாம், பலகை வைத்தது நாம் செய்த பொய்யாக முடியும் என்று விளக்கினேன். நாயுடு ஒருமுறை பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, யாரும் தம்மிடம் இதைச் சொல்லவில்லையே என்றார். என்னிடமும் யாரும் கேட்கவில்லை என்றேன்.

மறுநாள் கேப்டன் ஜீப்பில் வந்தார். மண்டப நிழலில் நின்று ஒரு மணி நேரம் வாதாடினேன். மலையிலிருந்து அரக்கோணம் வரை தெரிகிறது, டெலிபோன் கம்பி இழுத்தாயிற்று, திட்டம் மேலே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது, கூட்டத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார். என் தங்கை வருகிறாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அதையே காரணமாக்கி என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

எங்கள் ஆபீசின் பழக்கம் எனக்குத் தெரியும். நல்லது எதற்கும் கையெழுத்துப் போட ஓடி வருவார்கள். ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதி நீட்டினேன்: ‘காவலர் இங்கே இருக்கும்வரை இந்தக் கோயிலுக்கும் இதில் கூடும் ஜனங்களுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு குறையும் என்பதை அறிந்தே இவ்விடத்தைத் தேர்ந்தேன்.’ என் கருத்துரைகளில் எல்லாம் தங்கள் கையெழுத்து இருக்கிறது, இதிலும் இருக்கட்டும் என்றேன்.

பேனாவைத் திறந்தார். மூடினார். படியில் மேலேறி வந்துகொண்டிருந்த ஜனங்களைப் பார்த்தார். வேறு இடம் எது என்று கேட்டார். கோயில் மலைக்கு அந்தப் பக்கம் கறுத்துத் தெரியும் குன்றைக் காட்டினேன். பிண்ணாக்கு மலை என்று பெயர். கீழே யாராவது வசிக்கிறார்களா என்றார். ஆடு மேய்ப்பவர்களின் குடிசைகள் நாலைந்து என்றேன். தலையசைத்தார். ஒரு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று.

அன்று மாலைக்குள் கம்பியைச் சுருட்டி அந்தக் குன்றுக்குக் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். குடிசையில் மங்கம்மா என்ற பெண், இரண்டு குழந்தைகளோடு, என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். காவலர்கள் மேலே இருக்கப்போகிறார்கள், விமானச் சத்தம் கேட்டால் பள்ளத்தில் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். கோயிலில் இருக்கக் கூடாது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்றேன்.

“எங்களுக்கு இல்லீங்களா?”

ஜனங்கள் குடியிருக்கும் பாதுகாப்பற்ற ஊரை அடிக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆனால் தலைக்குமேல் ராணுவக் காவல் இருக்கும் குடிசைகளுக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்று அந்தப் பாடத்தில் முதல் மாணவனான எனக்கே தெரியவில்லை. கிருத்திகையன்று பிள்ளைகளோடு கோயிலுக்கு வந்துவிடு, நாள் முழுக்க அங்கேயே இரு என்றேன். ஆட்டை யார் பார்ப்பது என்றாள். புருஷன் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அவனை மட்டும் விட்டுவிட்டு வரச் சொல்கிறேன் என்பது எங்கள் இருவருக்குமே அப்போதுதான் புரிந்தது.

கிருத்திகை. விடியும்போதே படி தெரியவில்லை, தலைகள்தான். பலகைக்குக் கறுப்பு அடிக்க நாயுடு ஒப்பவில்லை. கீழே இறக்கி வைத்தார், தப்பான அடையாளம் நிற்பதைவிட அதுவும் ஒரு வகையில் நேர்மைதான். விசாலம் மஞ்சள் புடைவையில் காவடியோடு ஏறி வந்தாள். குழந்தை அவள் புருஷன் தோளில். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்திரமாக இருந்தாள், அது போதும். மங்கம்மாவும் பிள்ளைகளோடு வந்து மதிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

உச்சிக்கால பூஜை முடிந்த சமயம் தெற்கே இரைச்சல் கேட்டது. ஒரே விமானம், தாழ்வாக. ஒரு கணம் மேளம் நின்றது. கூட்டம் முழுக்கத் தலையைத் தூக்கியது. பிறகு அரோகரா என்று எழும்பிய சத்தத்தில் இரைச்சலே அமுங்கிப்போயிற்று. நம் விமானம்தான். அரக்கோணத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலை வண்டியில் போங்கள், கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பே போங்கள். சத்திரத்தில் இடம் கிடைக்காது, பக்கத்தூரான கே.ஜி. கண்டிகையில் யாராவது தெரிந்தவர் இருந்தால் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். மேலே தண்ணீருக்குச் சிரமம், சொம்பில் எடுத்துப் போங்கள். சட்டத்தைப் பற்றி எனக்கு இப்போது இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது: அது இல்லாமல் திட்டம் போடக் கூடாது, அது இருந்துவிட்டதாலேயே எல்லோரும் அதற்குள் வந்துவிட்டார்கள் என்றும் நினைக்கக் கூடாது. அந்த ஆபீஸ் கலைந்தபோது எனக்கு நற்சாட்சிப் பத்திரம்கூடத் தரவில்லை, அது வேறு விஷயம்.

அந்த விமானம் போனபோது ஆயிரக்கணக்கான பேர் ஆகாயத்தைப் பார்த்தார்கள். மங்கம்மா மட்டும் இரண்டு பிள்ளைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்க்குன்றைப் பார்த்தாள். நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புருஷன் பாறைமேல் ஏறி நின்று இங்கே பார்த்துக் கையை ஆட்டிய பிறகுதான் அவள் சந்நிதிக்குள் போனாள்.