ஷமீமிடம் கேட்ட கேள்வி

மகளுக்குச் சைக்கிள் வாங்கத் திருப்போரூர்க் கடைக்குள் நுழைந்ததும் புது டயரின் ரப்பர் வாசனை அடித்தது. உடனே எனக்கு ஷமீம் மேல் பொறாமை வந்தது, இத்தனை வருடம் கழித்தும்.

தொண்ணூறுகளில் கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தோம். ஷமீம் என் வகுப்புத் தோழி. அவளுடைய அத்தா துணிக்கடை வைத்திருந்தார். கேட்காமலேயே அவளுக்குச் சிவப்புச் சைக்கிள் வந்தது. எங்கள் வீட்டிலோ, சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பாய் விரித்து எல்லோரையும் உட்கார வைப்பார். எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்று என்னையும் கேட்பார்.

ஒருமுறை அம்மாவின் மிக்ஸி மோட்டார் கருகிவிட்டது. மிக்ஸியா, எனக்குச் சைக்கிளா என்று பேச்சு. விளையாட வந்த ஷமீமும் பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ என்னம்மா சொல்றே?" என்று அப்பா அவளைக் கேட்டார்.

"மிக்ஸிதான் அங்கிள். ஆன்ட்டி அம்மில அரைச்சிகினு கஷ்டப்படறாங்க. இவள நான் டபுள்ஸ் இட்டுகினு போறேன்."

"பொறுப்பான பொண்ணு!" என்றார் அப்பா. என்னை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் அவள் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போனேன்.

"எங்க வூட்ல என்னாண்ட எதுவும் கேக்க மாட்டாங்கடி. அடுத்த மாசமும் வரட்டா?" என்றாள்.

சைக்கிளை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அப்பாவின் பாயில் மட்டும் அவளுக்கு இடம் தர எனக்கு மனம் வரவில்லை.

"வராத" என்றேன்.

அவள் என்னையும் சுமந்துகொண்டு பள்ளிவரை மிதித்தாள்.