நாலு பக்கம் எழுதிய முப்பிடாதி

முப்பிடாதிக்குக் கயத்தாறு பக்கம். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் காண்ட்ராக்ட் ஆள். மண்ணூர் ரூமில் கூட இருக்கும் நிலவனுக்கும் அங்கேயே அதே வேலை. இரண்டு பேருக்கும் ஒரே கனவு, பர்மனென்ட் ஆர்டர். இந்த வருஷம் ஒருவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

சீட்டுக்கு லேபிள் அச்சடிக்கும் சாஃப்ட்வேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றுவதாக முடிவானது. அதற்கு ஒரு படிவம் உண்டு. கடைசிக் கட்டம்: 'சரிவராவிட்டால் என்ன செய்வீர்கள்?' அதில் 'சரியாக வரும்' என்று எழுதுவதுதான் கம்பெனி மரபு. நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசலாமா? முப்பிடாதி நாலு பக்கம் இணைத்தார். 'பதினொன்றே காலுக்குள் லேபிள் வராவிட்டால் பழையதற்குத் திரும்ப வேண்டும்.'

மேனேஜர் வசந்தகுமார் கையெழுத்துப் போட்டார். பெருந்தன்மையானவர், எதையும் படிக்கமாட்டார்.

பதினொன்றே காலுக்கு லேபிள் வரவில்லை. முப்பிடாதி தாளைப் பார்த்து இருபதே நிமிஷத்தில் பழையதை ஓடவைத்தார். திங்கட்கிழமை ஷிஃப்டில் ஒரு சீட்கூடத் தாமதமில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை.

"இன்னாப்பா, புட்டுக்கும்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிகீது," என்றார் வசந்தகுமார்.

"தெரியாது சார். ஒருவேளை புட்டுக்கிட்டா…"

"டைமே போட்டுக்கிறியே. பன்னெண்டு வருஷமா இங்க கீறேன், எனக்கே தெரியல. உனக்கு எப்டி தெரிஞ்சிது?"

ஹெச்.ஆர். சந்திரலேகா நாலு பக்கத்தையும் சாட்சியமாக பீரோவில் வைத்துப் பூட்டினார். முப்பிடாதியின் காண்ட்ராக்டும் அன்றோடு முடிந்தது.

அடுத்த மாதம் அதே மாற்றத்தை நிலவன் செய்தான். கடைசிக் கட்டத்தில் மரபைக் காத்தான். லேபிள் வராமல் சீட் லைன் நின்றது. சந்திரலேகா லீவு, பீரோ சாவி அவர் கைப்பையில். இரண்டாம் நாள் ரூமில் இருந்த முப்பிடாதிக்குப் போன் வந்தது.

"அண்ணே, அந்தத் தாள் காப்பி இருக்கா?"

"லேப்டாப்பையும் புடுங்கிக்கிட்டாவல்லா. எனக்கு மனப்பாடந்தான். சொல்லுதேன், எழுதிக்கோ."

சாயங்காலம் லைன் ஓடியது. இரண்டு நாள் வீட்டுக்கே போகாமல் கம்பெனியைக் காப்பாற்றிய நிலவனுக்குக் கேண்டீனில் சால்வை, கையோடு பர்மனென்ட் ஆர்டர். போன் செய்ததை அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ரூமுக்கு ஜிலேபியோடு வந்தபோது முப்பிடாதி ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த நாலு பக்கத்த மட்டும் நீங்க எழுதாம இருந்திருந்தா, இது உங்களுக்குத்தாண்ணே கிடைச்சிருக்கும்," என்றான் நிலவன்.

ஆறுதலாகத்தான் சொன்னான். உண்மையும் அதுதான்.