அக்காவைக் கயிறு கட்டி இறக்கப் போனேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி வெயிலில், திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நடந்தது இது. நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது.

நான் கொச்சியில் ஒருவருடைய பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்கிறேன். குடியிருப்பதும் அதிலேதான். கட்டில் அகலத்தில் ஒரு அறை, ஒற்றை அடுப்பு. ஊரில் அண்ணன் குடும்பத்தோடு அக்கா இருக்கிறாள். எங்கள் இருவருக்கும் மூத்தவள், தையல் வேலை செய்பவள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததில், வலது காலை ஊன்ற முடியாமல் போய்விட்டது. அப்போது இருந்த வாடகை வீடோ இரண்டாவது மாடி. ஒன்றரை வருடமாக அவள் தெருவில் கால் வைக்கவில்லை. அதனால்தான் ஊரை ஒட்டியிருக்கும் வேங்கிக்காலில் தரைத்தளத்தில் வீடு பிடித்தோம்.

புது வீட்டு வாசலில் படிக்குப் பதில் அக்காவின் வாக்கர் போகிற மாதிரி சரிவு போடச் சொல்லி, படகிலிருந்து தினமும் அண்ணனை போனில் விரட்டினேன். "ஆவட்டும்டா" என்பான். எட்டு நாள் லீவில் வந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. வந்த அன்றே சண்டை.

"படகுல ஜாலியா இருந்துக்கினு எங்களுக்கு ஆர்டர் போடறியா?" என்று கத்தினான். நானும் கத்தினேன். சரிவை நானே ஆள் வைத்துப் போட்டேன். கோபம் மட்டும் அடங்கவில்லை.

வீடு மாற்றும் நாள். லோடுமேன்கள் பீரோ, கட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் அக்கா இருந்த அறைப் பக்கம் தலையை ஆட்டி, "இவங்கதான் பாக்கியா சார்? பீரோவவிட வெயிட் கம்மிதான், தூக்கிடலாம்" என்று சிரித்தார். அண்ணனும் கூடச் சிரித்தான்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டி, லோடுமேன்களைக் கீழே துரத்தினேன். "எங்க அக்காவ நான் இறக்கறேன். எவனும் தொடக்கூடாது!"

பாய்மரத்தின் உச்சிக்கு ஆளைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குவது எனக்குப் பழகிய வேலை. பையில் கயிறும் இருந்தது. அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பிலும் தோளுக்குக் குறுக்கேயும் நாற்காலியோடு சேர்த்துச் சுற்றினேன். முடிச்சை இறுக்கும்போதும் அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். நாற்காலியைத் தூக்கக் குனிந்தேன். கன்னத்தில் பளாரென்று ஒரு அறை விழுந்தது.

அக்காதான்.

"அந்த ஆளு பீரோன்னான். நீ மூட்டையாவே கட்டிட்ட. எப்படி இறங்கறன்னு என்னை ஒரு வார்த்த கேட்டீங்களாடா அண்ணன் தம்பி ரெண்டு பேரும்? அவுத்து விடு!"

அவிழ்த்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள், மேல் படியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தாள்.

"நீ முன்னால போய் நில்லு. நான் கூப்பிட்டா மட்டும் கை குடு."

முப்பத்தாறு படிகள். திருப்பத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். என்னையறியாமல் கையை நீட்டினேன். முறைத்தாள், மடக்கிக்கொண்டேன். அண்ணன் வாக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அரை மணி நேரம் ஆனது. கீழே நின்ற லோடுமேன்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைசிப் படியில்தான் "இப்ப குடு" என்றாள். அவள் உள்ளங்கை சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது.

வேங்கிக்கால் போய்ச் சேரும்வரை ஆட்டோவில் அவள் எங்கள் பக்கம் திரும்பாமல் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பி மாட்ட டிரில்லிங் மெஷினோடு நின்றேன். துளை போடப் போனவன் நிறுத்தி, "எவ்ளோ உயரத்துலக்கா?" என்று கேட்டேன். கோபம் தீராத முகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்து, கையை நீட்டி இடத்தைக் காட்டினாள். நான் நினைத்திருந்ததைவிட ஒரு முழம் கீழே.

அக்காவுக்காக என்று ஊரில் எல்லோரோடும் சண்டை போட்டேன், அவளிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது, எனக்கு என் மேலேயே வந்த கோபம் இன்னும் போகவில்லை, போகாமல் இருப்பதே நல்லது என்றும் தோன்றுகிறது.